மன்னார்குடியின் சின்னஞ்சிறு பிரஜைகள்

பங்குனிப் பெருவிழாவின் பதினாறாம் நாளான வெண்ணெய்த்தாழியன்று மன்னார்குடி ராஜகோபாலன், வெண்ணெய்க் குடத்தை அணைத்துக்கொண்டு தவழ்கின்ற குழந்தையின் திருக்கோலத்தில் பல்லக்கில் எழுந்தருள, வீதியின் இரு மருங்கிலும் விடியற்காலையிலிருந்தே காத்து நிற்கும் ஜனங்கள் கையிலுள்ள வெண்ணெயை அவன்மீது வாரி வீசி ஆனந்திக்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு, ஓர் ஊர் முழுவதும் ஒரு சிசுவின்பொருட்டுத் தன் அன்றாட அலுவல்களை ஒத்திவைக்க முடியும் என்பதில் சந்தேகம் இருக்க நியாயமில்லை. அன்று வாகனங்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. கடைக்காரர்கள் வியாபாரத்தை மறந்து வாசற்படியில் நிற்கிறார்கள். தோளில் ஏற்றி வைக்கப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களைவிட உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கின்றன. பிள்ளை வரம் வேண்டி வருகின்ற பெண்களின் கைகளில் சந்தான கோபாலனின் சிறு விக்கிரகத்தைக் கொடுத்து, பெற்ற குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தச் செய்கின்ற வழக்கமும் இதே ஆலயத்தில்தான் உண்டு. குழந்தையைத் தெய்வமாகவும் தெய்வத்தைக் குழந்தையாகவும் பாவிக்கும் பேறு பெற்ற இவ்வூரில், வருஷத்தின் மற்ற நாட்களில், ரத்தமும் சதையுமான குழந்தைகளுக்கு நாம் என்ன இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்பதே நான் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி.

மன்னார்குடியைச் சொல்வது ஓர் உதாரணத்துக்காக. தமிழ்நாட்டில் உள்ள பல சிறு பட்டணங்களின் நிலைமை ஏறத்தாழ இதுவே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நகரின் ஜனத்தொகை ஏறக்குறைய 67,000. வயல்வெளியும் நகரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இத்தகைய ஊர்களில், கிராமத்தின் உறவுப் பிணைப்புகள் தளர்ந்துவிட்டன. பெருநகரத்தின் சௌகரியங்களோ இன்னும் வந்து சேரவில்லை. 2011-இல் மறுபடியும் ரயில் வந்த பிறகு, ஞாயிறு இரவில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகும் இளம் தகப்பன்மார்கள் எத்தனை பேர். திருப்பூருக்கும், சிங்கப்பூருக்கும், வளைகுடாவுக்கும் போனவர்கள் எத்தனை பேர்! அவர்கள் மாதந்தோறும் அனுப்பும் பணத்தினால் வீடு மாடிவீடாகிறது. பிள்ளை தவழ்ந்ததையும், எழுந்து நின்றதையும், முதற்பல் முளைத்ததையும் அவர்கள் கைப்பேசித் திரையிலேதான் கண்டு களிக்கிறார்கள். எஞ்சிய பொறுப்பு அனைத்தும் தாயின் தலைமீது வந்து விழுகிறது. முந்தைய தலைமுறையின் தாய் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தாள். இன்றைய தாயோ ஜவுளிக்கடையிலும், தனியார் பள்ளியிலும், மருத்துவமனையிலும், வங்கியிலும் உத்தியோகம் பார்க்கிறாள். ஒருவருடைய வருமானத்தால் இன்று குடும்ப ஜீவனம் நடப்பது அரிதாகிவிட்டது.

கடைத்தெருவில் துணி விற்கும் ஒரு பெண்ணின் காலைப்பொழுதை எண்ணிப் பார்ப்போம். ஐந்தரை மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, மதியத்துக்குரிய குழம்பையும் அப்போதே இறக்கி முடித்த பிறகு, மூன்று வயதுக் குழந்தையை எழுப்ப வேண்டும். அது எளிதில் எழுந்திருக்காது; எழுந்தாலும் அழும். சர்க்கரை தொட்ட இட்லியை விண்டு ஒரு கையால் ஊட்டியபடி, மறு கையால் அதன் தலைமுடியைச் சீவி, எதிரே செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் பாட்டு ஓட விட்டு, வாயில் இருப்பதை அது விழுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கடிகாரத்தையும் பார்க்கிறாள். பாட்டு நின்றால் வாய் மூடிக்கொள்ளும். முழங்கால் வலியோடு சுவரில் சாய்ந்திருக்கும் மாமியார், "விடும்மா, பசிச்சா தானே கேட்கும்" என்கிறார். அவர் சொல்வது மருத்துவ ரீதியாகவும் சரிதான். ஆனால் பசித்துக் கேட்கும் நேரம் வரை காத்திருக்கக் கடை முதலாளி அனுமதி தருவதில்லை. ஒன்பதரை மணிக்குக் கடையில் நிற்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத்தான் ஷட்டர் இறங்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். பகல் முழுவதும் நின்று கால் வீங்கிய பெண்கள் வரவேற்ற நல்ல சட்டம் அது. அப்பெண்ணின் குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

"அந்தக் காலத்தில் தெருவே பிள்ளையை வளர்த்தது" என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. நம்முடைய பிள்ளைத்தமிழ் இலக்கியத்தை எடுத்துக்கொண்டால், செங்கீரை, சப்பாணி, வருகை என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகக் கூர்ந்து நோக்கிய ஒரு சமூகத்தின் சாட்சியம் அதிலே காணக்கிடைக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் முடிவில் வருகின்ற சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்று பருவங்களையும் சற்று யோசித்துப் பாருங்கள்: மணலில் வீடு கட்டுவதும், அதை ஓடி வந்து சிதைப்பதும், பறை கொட்டித் திரிவதும், சிறு தேரை இழுத்துச் செல்வதும் வீட்டுக்குள் நடக்கிற காரியங்களா? அவற்றுக்கு வாசலும் தெருவும் வேண்டும். தெருவில்லாமல் குழந்தைப் பருவத்தை நம் புலவர்களால் கற்பனை செய்யவே முடியவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆயினும் அந்தப் பழைய தெருவைப் பற்றி முழு உண்மையையும் சொல்லியாக வேண்டும். அத்தெருவின் திண்ணைகள் எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் திறந்திருக்கவில்லை. ஒரு தெருவின் குழந்தை இன்னொரு தெருவில் கால் வைக்கக்கூடாத கொடுமையும் அதே காலத்தில்தான் நடந்தது. மேலும், "தெரு வளர்த்தது" என்று நாம் கூறும்போது, வளர்த்தது யார்? எட்டு வயதிலும் ஒன்பது வயதிலும், தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமந்துகொண்டு, அந்தச் சுமையினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்து பழகிய அக்காள்மார்கள் வளர்த்தார்கள். தோழிகள் பள்ளிக்கூடம் போன பாதையைத் தொட்டில் கயிற்றை ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறுமிகளின் படிப்பை விலையாகக் கொடுத்தே அக்காலத்துக் குடும்பங்கள் பிள்ளைகளை வளர்த்தன. விதவையான அத்தைகளும், ஆதரவற்று ஒண்டியிருந்த பாட்டிகளும், கூலியோ நன்றியோ எதிர்பாராமல் உழைத்தார்கள். அவர்களைப் போற்ற வேண்டும். அந்த ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மாத்திரம் நினைக்கக் கூடாது. இன்று அந்த அக்காள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், கல்லூரிக்கும் போகிறாள். தமிழ்நாடு அடைந்த முன்னேற்றங்களுள் இதற்கு ஈடானது அதிகமில்லை. ஆனால் அவள் இறக்கி வைத்த குழந்தையை ஏந்திக்கொள்ள வேறு கைகளை நாம் ஏற்பாடு செய்தோமா?

சோற்றைப் பொறுத்தமட்டில் நம் ராஜ்யம் எவருக்கும் பின்தங்கியதல்ல. 1956-இல் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தியபோது, பள்ளிக்கே வராத இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் சேர்த்தார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. நம் தாய்மார்கள் இன்றளவும் பால்வாடி என்று அழைக்கின்ற அந்தச் சிறிய கட்டடங்களில் ஒன்றுக்கு முற்பகல் வேளையில் போய்ப் பார்த்தவர்களுக்கு அங்கே நடக்கும் பணியின் மேன்மை விளங்கும். ஒரு மூலையில் எடை பார்க்கும் கருவி. சுவரில் காய்கறிகளின் படங்கள். கை தட்டிப் பாடச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை. மூக்கைத் துடைத்து, கால் கழுவி, அழுகிறவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அடுப்பையும் கவனிக்கிற ஆயாம்மா. முட்டை போடும் நாளில், வெள்ளைக் கருவை முதலில் தின்றுவிட்டு மஞ்சள் கருவை உருண்டையாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து, எல்லாரும் தின்று முடித்த பிறகு தன் பொக்கிஷத்தை நிதானமாகத் தொடங்குகிற மூன்று வயதுச் சிறுமியை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பெண்குழந்தையின் முகத்தில் இருந்த நிம்மதியை ஒரு சர்க்கார் உண்டாக்க முடியும் என்றால், அது சர்க்காரின் சாதனைகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது.

குறை சோற்றில் இல்லை, நேரத்திலேதான். பிற்பகலோடு அங்கன்வாடியின் கதவு பூட்டப்படுகிறது. இரவு ஒன்பது மணிக்குத்தான் ஜவுளிக்கடைக் கதவு பூட்டப்படுகிறது. இடைப்பட்ட ஐந்தாறு மணி நேரம் குழந்தை யாருடையது? இரண்டு வயது நிரம்பாத சிசுவுக்கோ அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வீட்டுக்கு வருகிறதேயொழிய, அதைக் கிண்டி ஊட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்பாரில்லை. 2017-ஆம் வருஷத்து மகப்பேறுச் சட்டத் திருத்தம் 26 வார விடுப்பை அளித்ததோடு, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றும் விதித்தது. நோக்கம் மிகச் சிறந்தது. ஆனால் சிற்றூரின் கடைத்தெருவில் ஒரு கடையில் ஐந்து பேர், இன்னொன்றில் பன்னிரண்டு பேர், ஒரு சிறு ஆஸ்பத்திரியில் இருபது பேர் என்றுதானே வேலை செய்கிறார்கள்? ஒரே தெருவில் நூற்றுக்கணக்கான தாய்மார்கள் உழைத்தும், ஐம்பது என்ற எண் எந்தக் கூரையின் கீழும் நிறைவதில்லையாகையால், அந்தக் காப்பக விதியின் நிழல் அவர்கள்மீது விழுவதில்லை. கருவுற்ற சில மாதங்களில் வேலையை விட்டு நிற்பதும், பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதானதும் குறைந்த சம்பளத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுமே அவர்கள் கண்ட நடைமுறை.

இந்தப் பாராமுகத்துக்கு நம்முடைய உயர்ந்த சாசனத்திலேயே ஒரு வேர் இருப்பதை நான் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 45-ஆவது ஷரத்து, பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்று கூறியது. கீழ் வரம்பு ஒன்றை அது வகுக்கவில்லை. 2002-ஆம் ஆண்டில் செய்த 86-ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக உயர்த்தியபோது, ஆறு முதல் பதினான்கு வயது வரை என்று அந்த உரிமைக்கு எல்லை கட்டியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் பராமரிப்பும் கல்வியும், அரசு முயல வேண்டிய நெறியாக மாத்திரம் 45-ஆவது ஷரத்தில் தங்கிவிட்டன. ஆறு வயதான பிள்ளை வழக்கு மன்றத்தின் கதவைத் தட்டலாம். ஐந்து வயதுப் பிள்ளை அரசின் நல்லெண்ணத்தை நம்பியிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோ, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுவதாகத் தானே எழுதி வைத்திருக்கிறது. அக்கொள்கையின் மற்றப் பகுதிகளைப் பற்றி எனக்கு மாறுபட்ட அபிப்பிராயங்கள் உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எல்லாக் கட்சியினரும் ஒப்புக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

இந்த ஞானம் நமக்குப் புதியதுமல்ல. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், யுத்தத்தின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்த வருஷங்களில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். மலைமேலிருந்த அச்சிற்றூரில், பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கூடி, செடிகளையும் பூச்சிகளையும் கூழாங்கற்களையும் ஆராய்ந்து தாமே கற்றுக்கொள்வதைக் கவனித்து, தம்முடைய கொள்கைகளை அவர் விசாலப்படுத்தினார். முதல் ஆறு வருஷங்களில் குழந்தையின் உள்ளம் சுற்றுப்புறத்தை முயற்சியின்றியே உறிஞ்சிக்கொள்கிறது என்பதை விளக்கும் அவருடைய நூல் 1949-இல் அடையாற்றிலிருந்துதான் முதலில் வெளியாயிற்று. ஆனால் இன்று நம் ஊர்களில் அப்பெயரைப் பலகையில் எழுதி வைத்து, மூன்று வயதுப் பிள்ளையின் விரல்களுக்குள் பென்சிலைத் திணித்து, வீட்டுப் பாடமும் கொடுத்தனுப்புகிற பள்ளிகள் பெருகிவிட்டன. பெற்றோர்களை நான் குறை கூற மாட்டேன். பிள்ளையைப் பகற்பொழுதில் எங்காவது பத்திரமாக விட்டுவைக்க வேண்டிய அவசியமே அவர்களில் பலரை அங்கே தள்ளுகிறது.

குழந்தைக்கு உண்மையாகவே வேண்டுவது ஓட்டம். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்றும், இரண்டு வயது நிரம்பும் வரை திரையையே காட்டலாகாது, அதற்கு மேலும் ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது என்றும் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. கைப்பேசியைக் கொடுக்கும் தாயைக் கடிந்துகொள்வதற்கு இவ்வரையறை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. 180 நிமிஷம் எங்கே ஓடுவது என்பதற்கு விடை சொல்லத்தான் ஒருவரும் முன்வருவதில்லை. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தாயிற்று. தெருவின் ஓரத்தில் மூடியில்லாத சாக்கடை. நடுவில் இடைவிடாமல் இருசக்கர வண்டிகள். நடைபாதை என்று இருந்த சிறு இடத்தில் மின்மாற்றியும் கடைகளின் பெயர்ப் பலகைகளும். ஹரித்ரா நதி என்று பெயர்கொண்ட குளத்தின் நான்கு கரைகளிலும் மாலைக் காற்று எவ்வளவு சுகமாக வீசினாலும், அத்தனை பெரிய குளத்தின் கரையில் குழந்தையின் கையை விடுவதற்கு எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? ஆகவே அவள் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரையைக் கொடுக்கிறாள். அவளைக் கண்டிப்பதைக் காட்டிலும், அவளுக்கு வேறு வழி வைக்காத ஊரைக் கண்டிப்பதே நியாயம்.

வழி என்ன? நகராட்சியிடம் இரண்டு காரியங்களை நான் கேட்கிறேன். முதலாவது எளிது, செலவும் சொற்பம். வெண்ணெய்த்தாழி நாளில் பிரதான வீதிகளையே ஒழுங்கு செய்யத் தெரிந்த ஊருக்கு, ஒவ்வொரு வார்டிலும் பஸ் போகாத ஒரு தெருவை நாள்தோறும் மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை வாகனங்களுக்கு அடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பது எப்படிக் கடினமாகும்? இரண்டு தடுப்புகள், ஒரு காவலர், மூடிய சாக்கடை, ஒரு வேப்பமரம், ஒரு லாரி மணல் இருந்தால் போதும். முதியவர்களும் அங்கே வந்து உட்காருவார்கள். எந்தத் தெருக் குழந்தையும் எந்தத் தெருவிலும் விளையாடலாம் என்பதைப் பழைய காலம் போலன்றிச் சட்டமே உறுதி செய்யும். அத்தெருவில் வண்டி நிறுத்துகிறவர்கள் முதலில் முறையிடுவார்கள். அவர்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் இருக்கும்.

இரண்டாவது காரியம் பெரியது: கடைத்தெருவுக்குப் பொதுவான குழந்தைக் காப்பகம். தனித்தனிக் கடையால் இயலாததை எல்லாக் கடைகளும் சேர்ந்தும், நகராட்சி முன்னின்றும் செய்ய வேண்டும். மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்துவதற்கு இடமிருக்கிறது. பால்வாடிக் கட்டடங்களோ ஏற்கெனவே வார்டுதோறும் நிற்கின்றன. ஆனால் இருக்கிற ஆசிரியையும் ஆயாம்மாவையுமே இரவுவரை நிற்கச் சொல்வது அநியாயம். தியாகம் என்ற பெயரால் பெண்களின் உழைப்பை மலிவாக வாங்கும் பழக்கத்தைத்தான் இவ்வளவு நேரம் கண்டித்தேன். அதே தவறை ஒரு சர்க்கார் கட்டடத்துக்குள் செய்வது பொருந்தாது. மாலைப் பொழுதுக்குத் தனியாக ஆட்களை நியமித்து, முறையான பயிற்சியும் குடும்பம் நடத்தக்கூடிய ஊதியமும் தரவேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 1948-இல், சுதந்திரம் வந்த மறு வருஷத்திலேயே, இன்றைவிடப் பன்மடங்கு ஏழ்மையில் இருந்த சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் வசூலிக்கத் துணிந்தது, நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றோரின் இடையறாத பிரயாசையினால் அது கைகூடிற்று. படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த அந்நாளில், புத்தகம் ஊருக்குப் பொதுவானது, அதற்கு வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு இருந்தது. நூலகத்துக்குப் போகாதவர்களும் அவ்வரியை இன்றுவரை செலுத்தி வருகிறார்கள். நான் அறிந்தவரை, அதனால் எவருடைய குடும்பமும் நொடித்துப் போகவில்லை. அதே முறையில் சொத்து வரியோடு ஒரு சிறு குழந்தை நல வரியைச் சேர்த்து, பெரிய கடைகளிடம் அவற்றில் வேலை செய்யும் ஊழியர்களின் எண்ணிக்கைக்கேற்ப ஒரு பங்கையும் பெற்றால், முதல் காப்பகத்தைத் தொடங்க நகராட்சி எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

அந்த முதல் காப்பகம் கடைத்தெருவிலிருந்து ஒரு தாய், சாப்பாட்டு இடைவேளையில் நடந்து வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதச் சிசுவுக்குத் தொட்டிலும், மூன்று வயதுப் பிள்ளைக்கு முற்றமும், காய்ச்சல் கண்ட குழந்தைக்குத் தனி அறையும் வேண்டும். பால்வாடி மூடும் நேரத்தில் அங்கிருந்து குழந்தைகளைப் பத்திரமாக அழைத்துவர ஓர் ஆள் வேண்டும். ஜவுளிக்கடையின் ஷட்டர் எப்போது இறங்குகிறதோ, அதற்கு அரைமணி நேரம் கழித்தே காப்பகத்தின் விளக்கு அணைய வேண்டும் என்பதை, நகர்மன்றத் தீர்மானத்தின் முதல் விதியாகவே எழுதிவிடலாம்.